யாழ்ப்பாணப் பொலிசுக்கு ஆர் காசு குடுக்கிறது?

வடலி
ஸ்காபரோவில இருக்கிற மச்சான் தன்ர வீட்டு வரிக் கணக்கைப் படம் எடுத்து வாட்சப்பில அனுப்பினவன். கட்டுற வரியில பொலிசுக்கு எவ்வளவு, தீயணைப்புக்கு எவ்வளவு, பஸ்ஸுக்கு எவ்வளவு எண்டு பிரிச்சுக் காட்டியிருக்கினம். பொலிசுக்குத்தான் பெரிய துண்டு. "உங்கட பொலிசுக்கு நீங்கள் எவ்வளவு கட்டுறியள்?" எண்டு கேக்கிறான். இஞ்சை மாநகரசபைக்குக் கட்டுற சோலைவரி (வீட்டு வரி) ரசீதை எடுத்துப் பாத்தன். பொலிஸ் எண்ட சொல்லே அதில இல்லை.

அப்ப யாழ்ப்பாணப் பொலிசுக்கு ஆர் காசு குடுக்கிறது? எந்தக் காலத்தில இருந்து? நகரத்துக்கு இதில எப்பவாவது ஒரு பங்கு இருந்ததோ? கணக்கும் சட்டமும் தெரிஞ்ச ஆக்கள் எழுதுங்கோ. சண்டை வேண்டாம்.

ஆரியகுளத்தடி
ரோட்டில என்னை மறிச்சு மறிச்சு எழுதின தண்டத் துண்டுகளைக் கூட்டிப் பாத்தா நான் தனிய ஒரு பொலிஸ் ஸ்ரேசனை நடத்திறன் போல கிடக்கு.

பழைய கிளாக்கர்
தம்பி வடலி, நான் கச்சேரியில (மாவட்டச் செயலகத்தில) கணக்குக் கிளையில இருந்து பென்சன் எடுத்தவன். பொலிஸ் கணக்கு என்ர மேசைக்கு வாறதில்லை, ஆனா பாதீட்டுப் புத்தகம் வாசிக்கத் தெரியும்.

இலங்கையில பொலிஸ் ஒண்டே ஒண்டுதான். யாழ்ப்பாணப் பொலிஸ் எண்டு தனி நிறுவனம் கிடையாது. பெரிய ஸ்ரேசன், கோப்பாய், சுன்னாகம், மானிப்பாய், பருத்தித்துறை எல்லாம் கொழும்பில இருக்கிற திணைக்களத்தின்ர கிளையள். வருசா வருசம் பாராளுமன்றத்தில போற ஒதுக்கீட்டில 225ஆம் தலைப்பு பொலிஸ் திணைக்களம். 222 தரைப்படை, 223 கடற்படை, 224 விமானப்படை, அடுத்தது பொலிஸ். இலக்கம் போட்டவர் ஏதோ நினைச்சுத்தான் பக்கத்தில இருத்தினார் போல.

அந்தத் தலைப்புக்குள்ள மீண்டெழும் செலவு ஒரு பக்கம், மூலதனச் செலவு மற்றப் பக்கம். சம்பளமும் படியளும் பெரும்பங்கைத் திண்டுபோடும். மிஞ்சினதிலதான் பெற்றோல், சீருடை, வாகனத் திருத்தம், கடதாசி, கட்டட வாடகை. இதெல்லாம் செலவு வகைப்படிதான் போட்டிருக்கும், ஊர்ப்படி இல்லை. எரிபொருளுக்கு நாடு முழுக்க இவ்வளவு எண்டு கிடக்கும். யாழ்ப்பாணத்துக்கு எவ்வளவு எண்டு எந்தப் பக்கத்திலயும் கிடையாது. அறுநூறுக்கு மேல ஸ்ரேசன் இருக்கிற நாட்டில எங்கட ஸ்ரேசன்ர செலவை ஒரு வாக்காளரும் கண்ணால காணேலாது. உங்கட கேள்விக்கு நேர்ப்பதில் அதுதான்: காசு எங்கட வரிதான், வற் வரியாவும் சுங்க வரியாவும் கொழும்புக்குப் போய்த் திரும்பி வருது. திரும்பி வரேக்க எவ்வளவு எண்டு சொல்லிப்போட்டு வாறதில்லை.

பழங்கதையை இரவைக்கு எழுதிறன். இப்ப கரண்ட் போகப் போகுது.

கறுப்புக் கோட்டு
ஆரியகுளத்தடி பகிடிக்குச் சொன்னாலும் சனத்தில பாதிப்பேர் அப்படித்தான் நம்புகிறார்கள். அதைத் தெளிவாக்கிவிடுகிறேன்.

ரோட்டில் எழுதித் தரும் தண்டத்தைத் தபாற்கந்தோரில் கட்டுகிறீர்கள். 14 நாளுக்குள் கட்டாவிட்டால் இரட்டிப்பு, 28 நாளும் தாண்டினால் நீதிமன்றம். அந்தக் காசு நீங்கள் மறிக்கப்பட்ட பொலிஸ் நிலையத்தின் லாச்சிக்குப் போவதில்லை. பொறுப்பதிகாரி அதிலிருந்து ஒரு போத்தல் பெற்றோல்கூட அடிக்க முடியாது.

நீதிமன்றம் விதிக்கிற தண்டப்பணம் வேறு கதை. ஒரு உள்ளூராட்சி மன்றத்தின் எல்லைக்குள் நடந்த குற்றத்துக்கு விதிக்கிற தண்டமும், காணி உறுதி மாறும்போது கட்டுகிற முத்திரை வரியும் மாகாணசபை ஊடாக அந்தந்த மாநகரசபைக்கும் பிரதேச சபைக்கும் போய்ச் சேரவேண்டும். "மாகாணசபை இன்னும் தண்டப்பணத்தைத் தரவில்லை" என்று தவிசாளர்மார் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். ஆக, பொலிஸ் பிடிக்கிறது, நீதவான் தண்டம் போடுகிறார், காசின் ஒரு பகுதி வாய்க்கால் துப்புரவு செய்கிற சபைக்குப் போகிறது. நகரம் பொலிசுக்குக் கொடுப்பதில்லை. பொலிஸ் போட்ட வழக்கால் நகரத்துக்குத்தான் காசு வருகிறது.

விதிவிலக்கு ஒன்று உண்டு: பொலிஸ் பரிசு நிதியம். பொலிஸ் கட்டளைச் சட்டத்திலேயே இருக்கிறது. சில தண்டங்களின் பங்கு அதில் சேரும். போதைப்பொருள், துவக்கு பிடித்தவர்களுக்கும் துப்புக் கொடுத்தவர்களுக்கும் அதிலிருந்து பணம் போகும். கணக்காய்வாளர் நாயகம் அதைத் தனியாகக் கணக்காய்வு செய்கிறார். பிடித்தால் காசு என்ற முறையை நான் விரும்புவதில்லை. வழக்குகளில் அதன் வாசம் எனக்கு அடிக்கடி அடிக்கும்.

தட்டாதெருக் கடைக்காரன்
புத்தகத்தில இல்லாத காசு ஒண்டும் இருக்கு, அதை நான் சொல்லுறன்.

சந்தியில மறிச்சு வைக்கிற இரும்புத் தடுப்பு பாத்திருக்கிறியளோ? மஞ்சளும் கறுப்பும் அடிச்சு, நடுவில தகரத்தில ஒரு நகைக்கடை பேரோ ரியூசன் சென்ரர் பேரோ தொலைபேசி இலக்கத்தோட எழுதியிருக்கும். அது ஆர் வாங்கிக் குடுத்தது எண்டு நினைக்கிறியள்? என்ர கடைக்கும் ஒருக்கா ஆள் வந்தது. ஊர் பேர் வேண்டாம். "முதலாளி, உங்களுக்கு விளம்பரமும் ஆச்சு, எங்களுக்குத் தடுப்பும் ஆச்சு." நல்ல மரியாதையாத்தான் கேட்டவை. இல்லை எண்டு சொல்லலாம், சட்டப்படி. ஆனா நாளைக்கு என்ர லொறி ரோட்டோரம் சாமான் இறக்க நிக்கேக்க முகம் பாக்கோணும்தானே. ரெண்டு தடுப்புக்குக் காசு குடுத்தன். ஒண்டு இப்பவும் கே.கே.எஸ். ரோட்டில நிக்குது, என்ர பேரில பாதி வாகனம் இடிச்சுக் கழண்டு போச்சு.

சுன்னாகத்தாள்
கடைக்கார அண்ணை சொன்னது தடுப்பு. நான் சொல்லுறது கடதாசி. தாலிக்கொடி அறுத்தவங்களைப் பற்றி என்றி (முறைப்பாடு) போடப் போன இடத்தில, எந்த ஸ்ரேசன் எண்டு சொல்லமாட்டன், "தங்கச்சி, முன்னால கடையில போட்டோக்கொப்பிக் கடதாசி கொஞ்சம் வாங்கிக்கொண்டு வாங்கோ" எண்டிச்சினம். வாங்கிக் குடுத்தன். நான் தமிழில சொன்னதை அந்தக் கடதாசியில சிங்களத்தில எழுதி, என்னட்டைக் கையெழுத்து வாங்கினவை. என்ர காசில வாங்கின தாளில என்ன எழுதியிருக்கு எண்டு எனக்கு இப்பவும் தெரியாது.

வடலி
ஐயோ அக்கா. இந்த இழை தொடங்கினதே இதுக்குத்தான் போல.

பழைய கிளாக்கர்
கரண்ட் வந்திட்டுது. பழங்கதை.

1865 இல 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டம். அடுத்த வருசம் 1866 செப்ரெம்பர் 3 இல கம்பெல் துரை பொலிசுக்குப் பொறுப்பெடுத்தார், அந்த நாளைத்தான் இப்பவும் பொலிஸ் தினமாக் கொண்டாடுகினம். இப்பவும் அந்தச் சட்டம்தான் அடிப்படை, திருத்தித் திருத்தி ஓட்டுகினம்.

அந்தச் சட்டம் போட்ட காலத்தில பொலிஸ் செலவை அரசாங்கம் தனியத் தூக்கிறதா நினைக்கேல்லை. பொலிஸ் இருக்கிற பட்டினத்தில வீடு, காணி வைச்சிருக்கிறவையிட்டை அதின்ர பெறுமதியைப் பாத்து வரி எடுத்துப் பொலிசுக்குச் செலவழிக்க வழி வைச்சவை. அதே வருசம் மாநகரசபைச் சட்டமும் வந்தது. கொழும்பு, கண்டிக்கு மாநகரசபை கிடைச்சது; பொலிஸ் செலவும் அவையின்ர தலையில விழுந்தது. பொலிசை நடத்திறது அரசாங்கம், காசு சபையோ எண்டு கொழும்பில நெடுகப் புடுங்குப்பாடு. பேந்துதான் செலவு முழுக்க அரசாங்கத்தோட போனது.

யாழ்ப்பாணத்துக்கு மாநகரசபை 1865 இல கிடைக்கேல்லை. 1906 இல உள்ளூர்ச் சபை, 1921 இல நகரசபை, 1949 ஜனவரி 1 இலதான் மாநகரசபை. அதாவது சபை பொலிசுக்குக் காசு கட்டிக்கொண்டு, "எங்கட காசு, எங்களுக்குக் கணக்குக் காட்டு" எண்டு கொழும்புக்காரன் மல்லுக்கட்டின காலத்தில எங்களிட்டை மல்லுக்கட்ட ஒரு மாநகரசபையே இல்லை. சபை வந்து சேர்ந்த நேரம் அந்தப் பேச்சு முடிஞ்சு போச்சு.

பட்டினத்துக்கு வெளியால பொலிசே குறைவு. மணியகாரர், அவருக்குக் கீழ உடையார், அதுக்குக் கீழ விதானை. துவைனம் துரை 1869 இல இருந்து 1896 வரை யாழ்ப்பாணத்து அரசாங்க ஏசண்டரா இருந்த காலமெல்லாம் கிராமத்துக் காவல் இந்தத் தலைமைக்காரற்ற கையிலதான். கள்ளனைப் பிடிக்கிறதும் அவை, பிரேதம் கிடந்தா முதல் போறதும் அவை. கீழ்மட்டத்தில இருந்தவைக்குச் சம்பளம் எண்டு சொல்லப் பெரிசா ஒண்டும் இல்லை. கட்டணம், கழிவு, அதோட கௌரவம். அரசாங்கத்துக்கு அதைவிட மலிவான பொலிஸ் உலகத்தில கிடையாது. 1963 இல கிராம சேவகர் முறை வந்தோடை அது முடிஞ்சுது. எங்கட சனம் மட்டும் இப்பவும் கிராம சேவகரை "விதானையார்" எண்டுதான் கூப்பிடும்.

தீவான்
கிளாக்கர் ஐயா, மலிவு எண்டு லேசாச் சொல்லிப்போட்டுப் போறியள். மலிவு ஆருக்கு? சம்பளம் இல்லாத வேலையை ஆர் பாக்கலாம்? காணி பூமி, ஆள் அடிமை உள்ளவன்தான். தகப்பனுக்குப் பிறகு மகன், மாமனுக்குப் பிறகு மருமகன் எண்டு ஒரே சாதி ஒரே குடும்பத்துக்குள்ள விதானைப் பதவி சுத்தினது இதாலதான். கிணத்தில தண்ணி அள்ளப் போய் அடி வாங்கின என்ர பாட்டன் ஆரிட்டை முறையிடுறது? அடிச்சவன்ர சித்தப்பாவிட்டையோ? அரசாங்கம் சம்பளம் குடுத்து வெளியூர் பொலிஸ்காரனை அனுப்பினது எங்கட ஆக்களுக்கு ஒரு வகையில ஆறுதலா இருந்திருக்கும். உள்ளூர்க் காசு, உள்ளூர்ப் பொலிஸ் எண்டு பாட்டுப் பாட முதல் இதையும் யோசியுங்கோ.

பழைய கிளாக்கர்
நீர் சொல்லுறதில நியாயம் இருக்கு.

ஒன்ராரியோ மாமா
வடலியின்ர மச்சான் நான் இல்லை, ஆனா ஸ்காபரோதான். இஞ்சை பொலிஸ் நகரத்தின்ர பொலிஸ். ரொறன்ரோவில வருசம் 1 பில்லியன் டொலருக்கு மேல. பாதீடு வரேக்க பொலிஸ் சபை இவ்வளவு வேணும் எண்டு கேக்கும், நகரசபை வெட்டப் பாக்கும், வெட்டினா சனம் செத்துப்போகும் எண்டு ரேடியோவில சொல்லுவினம். சனம் ரெண்டாப் பிரிஞ்சு சண்டை. பாக்க அலுப்பாத்தான் இருக்கும், ஆனா கணக்கு மேசைக்கு மேல கிடக்கும்.

சின்ன ஊருகளின்ர கதை இன்னும் ருசி. சொந்தமாப் பொலிஸ் வைக்க வக்கில்லாத நகரங்கள் மாகாணப் பொலிசிட்டைக் காவலை வாங்குகினம். மாகாணம் பில் அனுப்பும். எத்தினை வீடு கடை இருக்கு எண்டதுக்கு ஒரு அடிப்படைத் தொகை, எத்தினை தரம் கூப்பிட்டனீங்கள் எண்டதுக்கு மேலதிகம். கூப்பிடக் கூப்பிட பில் ஏறும்! 2024 முடிவில பொலிஸ்காரற்ற சம்பளம் கூடி பில் எகிற, சின்ன நகரசபையள் கத்தின கத்தில மாகாண அரசு கொஞ்சத்தைத் தாங்கினது. பெரியசாமி வீட்டு நாய் குரைக்குது எண்டு பொலிசுக்கு அடிக்கிற எங்கட ஆக்கள் அந்த ஊரில இருந்தா நகரசபை வங்குரோத்து.

லண்டன் மாமி
இஞ்சையும் கவுன்சில் ரக்ஸ் பில்லில லண்டன் மாநகர நிர்வாகத்துக்கு எண்டு ஒரு வரி தனியா இருக்கும், அதில பெரும்பங்கு மெட் பொலிசுக்கு. மிச்சத்தை அரசாங்கம் குடுக்குது. ரெண்டு பேரும் குடுக்கிறதால ரெண்டு பேரும் கேள்வி கேக்கினம். என்ர வீட்டில களவு போன நேரம் ஒருத்தரும் வரேல்லை, ஒரு இலக்கம் மட்டும் தந்தவை. இன்சூரன்சுக்கு உதவினது.

ஆரியகுளத்தடி
அப்ப எங்களுக்கும் அப்பிடி வரட்டுமன். சோலைவரியில ரெண்டு வீதம் கூட எடுங்கோ, பொலிசை மேயருக்குக் கீழ விடுங்கோ.

கறுப்புக் கோட்டு
மெல்ல. நகரமே பொலிசுக்குக் காசு தேடத் தொடங்கினால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவில் மிசூரி மாநிலத்துப் பெர்கசன் இருக்கிறது. 2014 இல் மைக்கல் பிரவுன் என்ற இளைஞர் சுடப்பட்ட பின் மத்திய நீதித்துறை போய் ஆராய்ந்தது. 2015 மார்ச்சில் அறிக்கை வந்தது. அந்தச் சின்ன நகரம் தன் பாதீட்டை நிரப்பத் தண்டப்பணத்தில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. நகர அதிகாரிகள் பொலிசை வருமானம் கூட்டச் சொல்ல, பொலிஸ் கறுப்பினச் சனத்துக்குத் துண்டெழுத, கட்ட முடியாதவனுக்குப் பிடியாணை, அதற்குமேல் இன்னொரு தண்டம். உள்ளூர்க் காசு என்றால் உடனே உள்ளூர் நியாயம் வந்துவிடாது. தீவான் சொன்னதும் இதுவும் ஒரே சங்கதிதான், கண்டம்தான் வேறு.

இங்கே தண்டத்தில் வருகிற காசு ஸ்ரேசனுக்குப் போகாமல் இருப்பது நல்ல ஏற்பாடு. அதைக் குழப்பவேண்டாம்.

வடலி
சரி, தண்டம் வேண்டாம். ஆனா கட்டுப்பாடு? எங்கட சபைக்கு ஒரு காவலாளைக்கூட வைக்க உரிமை இல்லையோ?

தட்டாதெருக் கடைக்காரன்
வைச்சதுதானே! 2021 ஏப்ரல் மறந்துபோச்சோ? மேயர் மணிவண்ணன் அஞ்சு பேரைப் போட்டு, இளநீலச் சட்டை போட்டு, ரோட்டில துப்புறவன், குப்பை போடுறவனைப் பிடிக்க விட்டவர். பஸ் ஸ்ராண்டடியில நிண்டாங்கள், நான் கண்டன். பெடியளுக்குச் சட்டை புதுசு, கை நீட்டிச் "அண்ணை துப்பாதையுங்கோ" எண்டு சொல்லவே கூச்சப்பட்டாங்கள். புலியளின்ர காவல்துறைச் சட்டை போல இருக்கு எண்டு பயங்கரவாத விசாரணைப் பிரிவு மேயரையே கைது செய்தது. அண்டைக்கே நீதவான் பிணை குடுத்திட்டார். கொழும்பு மாநகரசபை ஆக்களும் இப்பிடித்தானே உடுக்கினம் எண்டு அவர் சொன்னவர். எனக்குத் தெரிஞ்சு இந்த நகரம் தன்ர காசில ஆக்களைப் போட்டு ஒழுங்கு பாக்க வெளிக்கிட்டது அந்த ஒருக்காத்தான். வெத்திலை துப்பாமப் பாக்கிறதுக்கு!

சுன்னாகத்தாள்
அந்த நிறம் எங்கட ஆக்களுக்கே வேற ஞாபகம் கொண்டுவந்ததுதான். அதுக்காக மேயரையே கைது செய்யிற அளவுக்கு என்ன நடந்தது எண்டு எனக்கு இப்பவும் விளங்கேல்லை.

வல்வை வாசி
நிறம் எண்டு கதை வந்ததால சொல்லுறன். 1990 களின்ர தொடக்கத்தில இந்த நகரத்தில அரசாங்கப் பொலிசே இல்லை. 1991 இல புலியளின்ர தமிழீழக் காவல்துறை தொடங்கினது, நடேசன் பொறுப்பு, அவர் முந்தி இலங்கைப் பொலிசில இருந்தவர். அதுக்குக் காசு கொழும்பில இருந்து வரேல்லை, இயக்கம் எடுத்த வரிதான். 1995 கடைசியில இடம்பெயர்வோட அது யாழ்ப்பாணத்தில முடிஞ்சுது. அந்தக் காலம் சைக்கிளைப் பூட்டாம விட்டிட்டுப் போகலாம்...

தீவான்
சைக்கிளைப் பூட்டாம விட்ட காலத்தில வாயைப் பூட்டித்தானே திரிஞ்சனாங்கள். கணக்குக் கேட்ட ஆளைக் காட்டுங்கோ பாப்பம்.

வல்வை வாசி
உம்மோட கதைக்கேலாது.

பழைய கிளாக்கர்
ரெண்டு பேரும் நில்லுங்கோ. கணக்குக்காரனா ஒரு விசயம். அந்த அஞ்சு வருசமும் கச்சேரி நடந்தது. ஆசிரியருக்கும் ஆசுப்பத்திரிக்கும் எங்களுக்கும் சம்பளம் கொழும்பில இருந்துதான் வந்தது, சில மாதம் கப்பல் பிந்தி, காசு பிந்தி. பள்ளிக்கூடத்துக்கு ஒரு அரசு காசு குடுக்க, பொலிசுக்கு வேற ஒரு கை குடுத்த ஊர் இது. ரெண்டு கையிட்டையும் நகரம் கணக்குக் கேக்கேல்லை, கேக்கேலாது. இதுக்கு மேல அந்தப் பக்கம் போகவேண்டாம்.

இழைக் காவலர்
போர்க்கால வாதத்துக்கு வேற இழை இருக்கு. இது காசைப் பற்றினது. வல்வை வாசி, தீவான் ரெண்டு பேரும் தயவுசெய்து.

நல்லூரான்
ஒருத்தரும் 13 ஐத் தொடேல்லையே. 1987 இல வந்த அரசியலமைப்பின்ர 13ஆம் திருத்தத்தில மாகாணத்துக்குப் பொலிஸ் அதிகாரம் எழுத்தில இருக்கு. மாகாணப் பொலிஸ் பிரிவு, அதுக்கு ஒரு பிரதிப் பொலிஸ்மா அதிபர், அவர் சட்டம் ஒழுங்கு விசயத்தில முதலமைச்சருக்குப் பதில் சொல்லோணும். மாகாணப் பொலிஸ் ஆணைக்குழுவில மூண்டு பேர்: அந்தப் பிரதிப் பொலிஸ்மா அதிபர், பொதுச்சேவை ஆணைக்குழு ஜனாதிபதியைக் கேட்டுப் போடுற ஒருத்தர், முதலமைச்சர் போடுற ஒருத்தர். இவ்வளவு நுணுக்கமா எழுதி வைச்சிட்டு ஒரு ஜனாதிபதியும் குடுக்கேல்லை. 2013 இல வடக்கு மாகாணசபை வந்தது, 38 இல 30 ஆசனம் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு, விக்னேஸ்வரன் ஐயா முதலமைச்சர். 2018 இல காலம் முடிஞ்சுது. அந்த அஞ்சு வருசத்தில முதலமைச்சருக்குக் கீழ ஒரு பொலிஸ்காரரும் வரேல்லை.

பழைய கிளாக்கர்
குடுத்தாலும் காசு எங்கை, நல்லூரான்? வடக்கு மாகாணத்தின்ர சொந்த வருமானம் எண்டால் வாகன வரி அனுமதிப்பத்திரம், முத்திரை வரி, தண்டப்பணம் போல சில்லறைதான், அதிலயும் சபையளுக்குக் குடுக்கவேண்டியது இருக்கு. மிச்சமெல்லாம் நிதி ஆணைக்குழு சிபாரிசு செய்து திறைசேரி விடுற கொடை. மாகாணசபையின்ர ஆசிரியர், வைத்தியர் சம்பளமே அந்தக் கொடையிலதான். பொலிசும் வந்தால் அதுவும் அந்தக் குழாயில இருந்துதான். குழாயின்ர திறப்பு கொழும்பிலதான் இருக்கும்.

அதுக்காக வித்தியாசம் இல்லை எண்டு சொல்லமாட்டன். மாகாணத்துக்கு வந்தால் மாகாணசபைப் பாதீட்டுப் புத்தகத்தில ஒரு தலைப்பு வரும். கைதடியில இருந்துகொண்டு ஒரு உறுப்பினர் எழும்பி, "பெற்றோலுக்கு இவ்வளவு விட்டனாங்கள், ஏன் சாவகச்சேரிக்கு இரவில வண்டி இல்லை?" எண்டு கேக்கலாம். அந்தக் கேள்வியைக் கேக்கிறதுக்கு இண்டைக்கு இந்த மாகாணத்தில ஒரு கதிரையும் இல்லை.

ஒன்ராரியோ மாமா
அடிச்ச பொலிஸ்காரனுக்கு எதிரா வழக்கு வெண்டா நட்டஈடு ஆர் குடுக்கிறது? இஞ்சை நகரம்தான் கட்டும், அதாவது நாங்கள்.

கறுப்புக் கோட்டு
நல்ல கேள்வி. அடிப்படை உரிமை மனுவில் உயர்நீதிமன்றம் அரசையும் கட்டச் சொல்லும், உத்தியோகத்தரைத் தன் சொந்தப் பணத்திலும் கட்டச் சொல்லும். இரண்டாவதுதான் உறைக்கும். ஆகப் பெரியது 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பு வழக்கு. 2023 ஜனவரி 12 தீர்ப்பு: முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சொந்தமாக 10 கோடி ரூபா, முன்னாள் பொலிஸ்மா அதிபர் பூஜித் ஜயசுந்தர 7.5 கோடி. அரசு கட்டவேண்டியது வெறும் 10 இலட்சம். திறைசேரியில் கைவைக்காமல் ஆளின் பையில் கைவைத்த தீர்ப்பு. யாழ்ப்பாணத்தில் பொலிஸ் காவலில் அடிவாங்குகிறவனுக்கு உயர்நீதிமன்றம் வரை போக பஸ் காசு இருந்தால்தான் இதெல்லாம் பயன்.

சுன்னாகத்தாள்
எனக்கு 13 உம் வேண்டாம் பெர்கசனும் வேண்டாம். நான் தமிழில சொன்னதைத் தமிழில எழுதுற ஆள் ஒருத்தர், எழுதுறதுக்குக் கடதாசி. இதுக்கு எவ்வளவு காசு வந்தது, எங்கை போனது? இதை ஆரிட்டைக் கேக்கிறது?

கறுப்புக் கோட்டு
கேட்கலாம் தங்கச்சி. 2016 இன் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம், 2017 பெப்ரவரியில் இருந்து நடைமுறையில். பொலிஸ் திணைக்களமும் அதற்குள் வரும். தமிழிலேயே எழுதலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலைநாளுக்குள் தருவதா இல்லையா என்று சொல்லவேண்டும். மறுத்தால் மேன்முறையீடு, அதற்கும் மறுத்தால் ஆணைக்குழு. தேசிய பாதுகாப்பு என்று ஒரு கதவைச் சாத்தப் பார்ப்பார்கள். துவக்கு எத்தனை, ஆள் எங்கே நிற்கிறது என்று கேட்டால் சாத்தலாம். கடதாசிக்கும் பெற்றோலுக்கும் வாடகைக்கும் எவ்வளவு என்று கேட்டால் அந்தக் கதவைச் சாத்துவது கஷ்டம்.

வடலி
நான் போடுறன். கேள்வியளை இஞ்சையே எழுதுவம். என்ர பக்கத்தில இருந்து: போன மூண்டு வருசம் யாழ்ப்பாணம், காங்கேசன்துறைப் பிரிவுகளுக்கு எரிபொருள் எவ்வளவு, கடதாசி எழுதுபொருள் எவ்வளவு. ஸ்ரேசன்படி பிரிச்சு.

தட்டாதெருக் கடைக்காரன்
வெளியாரிட்டை வாங்கின தடுப்பு, சந்திக் கூடு, இதுகளுக்குப் பதிவேடு இருக்கோ, இருந்தா கொப்பி.

நல்லூரான்
தனியார் வீடு காணியில இருக்கிற ஸ்ரேசன் எத்தினை, வாடகை ஒழுங்காப் போகுதோ. போருக்குப் பிறகு சனத்தின்ர வீட்டில இருந்து எழும்பாம இருந்த ஸ்ரேசனுகளின்ர கதை உங்களுக்குத் தெரியும். சொந்தக்காரன் நீதிமன்றம் ஏறித்தான் சில வீடு திரும்பினது. வாடகை எண்டு ஒரு வரி கணக்கில இருந்தா அது ஆருக்குப் போனது எண்டு பாக்கலாம்.

லண்டன் மாமி
தபால் செலவு நான் தாறன் பிள்ளை.

வடலி
மாமி, பதிவுத் தபாலுக்குப் பெரிய காசில்லை. நாலாவது கேள்வியா "தமிழ் பேசும் உத்தியோகத்தர் ஒவ்வொரு நிலையத்திலும் எத்தனை பேர், மொழிக்கென்று மேலதிகப் படி எவ்வளவு வழங்கப்பட்டது" எண்டு போட்டிருக்கிறன். பாருங்கோ சரியோ எண்டு.

சுன்னாகத்தாள்
"தமிழ் பேசும்" எண்டு போடாதையுங்கோ. வணக்கம், வாங்கோ, இருங்கோ எண்டு சொல்லத் தெரிஞ்ச எல்லாரையும் எண்ணித் தந்துபோடுவினம். "முறைப்பாட்டைத் தமிழில் எழுதக்கூடிய" எண்டு போடுங்கோ.

கறுப்புக் கோட்டு
"எழுதக்கூடிய, முறைப்பாட்டுப் பகுதியில் கடமையில் உள்ள". இல்லாவிட்டால் சமையலறையில் இருப்பவரையும் எண்ணுவார்கள்.

வடலி
மாத்திட்டன். திங்கள் போடுறன். பதில் வந்தா இந்த இழையிலயே ஒட்டுறன்.